வட சிலாங்கூர் தோட்டங்களில் ஜாக்கி: திருகிலிருந்து எண்ணெய் அழுத்தம் வரை

பாரத்துக்கு அடியில் நின்று அதை மேலே தள்ளும் கருவி ஜாக்கி. கப்பி, சங்கிலிப் பிளாக், கிரேன் ஆகியவை மேலிருந்து இழுப்பவை. அவற்றைத் தொங்கவிட இரும்புச் சட்டமோ உறுதியான மரக்கிளையோ தலைக்கு மேலே வேண்டும். கோலசிலாங்கூரிலிருந்து ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தாய் வழியாக உள்ளே போகும் தோட்டச் சாலைகளில் சக்கரம் இறங்கி நின்றுவிட்ட வண்டிக்கு அப்படி ஒரு சட்டம் கிடைக்காது. அடியில் செருகித் தூக்கும் கருவி ஒன்றே அங்கு உதவும்.

அந்தக் கருவிக்கு மூன்று வேலை உண்டு. கைவிசையை அது பல மடங்காக்க வேண்டும். கையை எடுத்த பிறகும் பாரம் இறங்காமல் நிற்க வேண்டும். ஒரே ஆள் தூக்கிச் செல்லும் எடையில், அச்சுக்கு அடியில் நுழையும் உயரத்தில் இருக்க வேண்டும். மூன்றும் ஒன்றோடொன்று மோதுபவை. வலுவைக் கூட்டினால் எடை கூடுகிறது. உயரத்தைக் குறைத்தால் தூக்கும் தூரம் குறைகிறது. எளிதில் ஏறும் ஜாக்கி எளிதில் இறங்கவும் பார்க்கிறது.

ஜாக்கி வருவதற்கு முன் இருந்தவை நெம்புகோலும் ஆப்பும் முட்டும். பிரெஞ்சுத் தோட்டக்காரர் ஆன்ரி ஃபோக்கோனியே 1905இல் மலாயா வந்து, சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் நட்ட காலத்தில் தோட்டத்துச் சரக்கை இழுத்தவை மாட்டுவண்டிகள். சக்கரம் கழற்ற வேண்டுமானால் இரண்டு பேர் கடப்பாரையாலோ கனத்த கம்பாலோ வண்டியை நெம்ப, மூன்றாமவர் அடியில் கட்டை செருகுவார். நெம்பியதைத் தாங்கி நிறுத்த நெம்புகோலுக்குத் தெரியாது; கட்டை செருகும் கைதான் அந்த வேலையைச் செய்தது. தஞ்சாவூர், திருச்சி, சேலம் பக்கங்களிலிருந்து வந்த தொழிலாளர்களுக்கு இது புதிய வித்தையும் அல்ல. திருவாரூர் ஆழித்தேர் போன்ற பெருந்தேர்களை உலுக்கு மரத்தால் நெம்பிக் கிளப்புவதும், முட்டுக்கட்டை போட்டு நிறுத்துவதும் அவர்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாக நடந்த வேலை. அந்த ஆழித்தேருக்கே பிற்காலத்தில் திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்தது.

தூக்குவதையும் தாங்குவதையும் ஒரே கருவிக்குள் கொண்டுவந்தது திருகு. 13ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர் வில்லார் த ஒன்னெகூர் தம் ஓவிய ஏட்டில் திருகால் பாரம் தூக்கும் கருவி ஒன்றை வரைந்திருக்கிறார். லியொனார்தோ டா வின்சியின் ஏடுகளில் பற்சட்டமும் பற்சக்கரமும் கொண்ட தூக்கி இருக்கிறது. ஆனால் கையால் புரி வெட்டிய காலத்தில் ஒரு திருகைப்போல் இன்னொன்று அமையாது. 1800ஐ ஒட்டி ஹென்றி மாட்ஸ்லி லண்டனில் திருகு வெட்டும் கடைசல் இயந்திரத்தைச் செம்மைப்படுத்திய பிறகே, ஒரே சீரான புரி கொண்ட இரும்புத் திருகு மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. 19ஆம் நூற்றாண்டில் ரயில்வேயும் கப்பல் துறையும் திருகு ஜாக்கியை உலகெங்கும் கொண்டுசென்றன.

திருகு ஜாக்கியின் கணக்கு எளிது. மணி வடிவ வார்ப்பிரும்பு உடல். அதன் தலையில் மரை. மரைக்குள் ஏறி இறங்கும் எஃகுத் திருகு. திருகின் தலையில் கைப்பிடி செருகும் துளை. திருகு ஒரு சுற்றுக்கு 8 மில்லிமீட்டர் ஏறுகிறது என்றும், கைப்பிடி 60 சென்டிமீட்டர் நீளம் என்றும் வைத்துக்கொள்வோம். கை ஒரு சுற்றில் ஏறக்குறைய 377 சென்டிமீட்டர் நடக்கிறது. பாரம் 8 மில்லிமீட்டர் ஏறுகிறது. உராய்வே இல்லாவிட்டால் விசை 470 மடங்காகப் பெருகும். 3 டன் பாரத்தைத் தூக்க ஆறரைக் கிலோ விசை போதும். நடைமுறையில் புரியிலும் தலைத்தட்டிலும் உள்ள உராய்வு, போட்ட உழைப்பில் ஐந்தில் நான்கு பங்கைத் தின்றுவிடும். அதனால் கைக்கு 30 கிலோவுக்கு மேல் விசை வேண்டியிருக்கிறது. 10 சென்டிமீட்டர் தூக்கப் பன்னிரண்டரைச் சுற்று சுற்ற வேண்டும்.

இந்த உராய்வைக் குறை என்று ஒதுக்குவது தவறு. திருகு ஜாக்கியின் உயிரே அதுதான். புரியின் சரிவு உராய்வுக் கோணத்தைவிடக் குறைவாக இருந்தால், பாரம் எவ்வளவு அழுத்தினாலும் திருகு தானாகச் சுழன்று இறங்காது. அப்படித் தானே பூட்டிக்கொள்ளும் திருகின் திறன் எப்போதும் பாதிக்குக் கீழேதான் இருக்கும். இது கணிதம் விதித்த எல்லை. எனவே ஜாக்கி செய்பவர்கள் உழைப்பு வீணாவதை அறிந்தே ஏற்றுக்கொண்டார்கள். சதுரப் புரியையோ சரிவகப் புரியையோ வெட்டினார்கள். கூர்முனைப் புரி பாரத்தைப் பக்கவாட்டிலும் தள்ளி மரையைப் பிளக்கப் பார்க்கும் என்பதால் அதைத் தவிர்த்தார்கள். தோட்ட மழையிலும் சேற்றிலும் திருகு ஜாக்கிக்கு இருந்த ஒரே பகை மணல். கிரீஸில் ஒட்டிய மணல் புரியை அரத்தைப்போல் அராவிவிடும். மற்றபடி துரு ஏறிய திருகு ஜாக்கியையும் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துப் பழையபடி வேலைக்கு எடுத்துவிடலாம்.

இதே திருகு தோட்டங்களில் தலைகீழாகவும் வேலை செய்தது. புகைக்கூடத்தில் காய்ந்த ரப்பர் தாள்களை அடுக்கி, 250 பவுண்டு எடையுள்ள பேல்களாக அழுத்துவது ஸ்டோர் வேலையின் கடைசிப் படி. ரப்பர் தொழிற்சாலையை ஸ்டோர் என்பதே தோட்ட வழக்கம். அங்கே உறுதியான இரும்புச் சட்டத்துக்குள் திருகை மேலிருந்து கீழே இறக்கித் தாள்களை நெருக்கினார்கள். ஜாக்கியில் தரை அசையாது, பாரம் ஏறும். இங்கே சட்டம் அசையாது, ரப்பர் நசுங்கும். திருகு பூட்டிக்கொண்டு நின்றதால், அழுத்தியபடியே விட்டுவைத்துத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டும்வரை காத்திருக்க முடிந்தது. பின்னர் இந்த இடத்தையும் ஹைட்ராலிக் அழுத்தி பிடித்தது.

வட சிலாங்கூருக்கு மற்றொரு வகை ஜாக்கியைக் கொண்டுவந்தது ரயில். மலாயன் காலரீஸ் நிறுவனம் 1915இல் பத்து ஆராங்கில் நிலக்கரி வெட்டத் தொடங்கியது. குவாங்கிலிருந்து கிளைப்பாதை ஒன்று அங்கே போயிற்று. 1960இல் சுரங்கம் மூடப்படும்வரை மலாயாவின் ரயில்களுக்கும் மின்நிலையங்களுக்கும் அங்கிருந்து நிலக்கரி சென்றது. தண்டவாளத்தைப் பராமரித்த குழுக்களில் தமிழர்களே பெருந்தொகை. மழையில் தாழ்ந்துபோன தண்டவாளத்தைத் தூக்கி, சிலிப்பர் கட்டைக்கு அடியில் ஜல்லி திணிப்பது அவர்களின் அன்றாட வேலை. இதற்குத் திருகு ஜாக்கி மிக மெதுவானது. அவர்கள் கையில் இருந்தது பற்சட்ட ஜாக்கி. நீண்ட கம்பியை அழுத்தும்போது ஒரு நாக்கு பற்சட்டத்தை ஒரு பல் மேலே தள்ளும். கம்பியைத் தூக்கும்போது இன்னொரு நாக்கு பாரத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு நாக்குகளும் மாறி மாறிப் பிடிப்பதால், முன்பு மூன்றாம் ஆள் கட்டை செருகிய வேலை கருவிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

தண்டவாள ஜாக்கியில் இன்னொரு அமைப்பும் உண்டு. ஒரு சிறு பிடியைத் தட்டினால் இரண்டு நாக்குகளும் ஒன்றாக விலகி, பாரம் உடனே கீழே வந்துவிடும். ரயில் வரும் சத்தம் கேட்டால் பல் பல்லாக இறக்க நேரம் ஏது? மற்ற ஜாக்கிகளில் பெரும் ஆபத்தான இந்தச் சட்டென இறங்கும் குணம், தண்டவாளத்தில் உயிர்காக்கும் குணம். அதே ஜாக்கியை லாரிக்கு அடியில் வைப்பது பெரும் தவறு. தடம் புரண்ட பெட்டியை மீண்டும் தண்டவாளத்தில் ஏற்ற வேறொரு வகை இருந்தது. அதில் ஜாக்கி, ஒரு நீண்ட அடித்தட்டின் மேல் குறுக்குத் திருகால் பக்கவாட்டிலும் நகரும். முதலில் தூக்கி, பிறகு நகர்த்தி, சக்கரத்தைத் தண்டவாளத்தின் மேல் இறக்கலாம்.

தோட்டத்துச் சாலைக்கு ஜாக்கி வந்தது மோட்டார் வாகனத்தோடு. டன்லப் 1888இல் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். வேல்ஸ் நாட்டு ஸ்டெப்னி நிறுவனம் 1904 முதல் உபரிச் சக்கரம் விற்றது. டயர் வெடிப்பதும் சக்கரம் மாற்றுவதும் வாகனம் ஓட்டுவோரின் வேலையில் ஒரு பகுதியாயின. அந்த டயருக்காகவே 1910இன் ரப்பர் விலை உச்சத்தை ஒட்டிக் கோலசிலாங்கூரின் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின. தோட்டம் பெருகியதும் மாட்டுவண்டியின் இடத்துக்கு லாரி வந்தது. லாரிக்கு டயர், டயருக்கு ஜாக்கி.

இந்த வட்டாரத்தின் மண் ஜாக்கிக்கு ஏற்றதல்ல. ஜெராம், கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங் கரையோரம் முழுவதும் கடல் படிந்த மென்களிமண். அதற்கு உட்புறம், ராஜா மூசாவைச் சுற்றிப் புதைசேற்றுக் கரிமண். ஒரு ஜாக்கியின் அடித்தட்டு 10 சென்டிமீட்டர் சதுரம் என்றால் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். லாரியின் ஒரு பக்கத்தில் 2 டன் தூக்கினால், மண்ணின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் 20 கிலோ. நனைந்த மென்களிமண்ணோ அரைக் கிலோவுக்கே இளகத் தொடங்கும். கைப்பிடி ஆடும், ஜாக்கி நீளும், ஆனால் லாரி ஏறாது. ஜாக்கிதான் மண்ணுக்குள் இறங்கும். பாரத்தை 4,000 சதுர சென்டிமீட்டருக்குப் பரப்பினால்தான் கணக்கு நேராகும். அதாவது 40 சென்டிமீட்டர் அகலமும் ஒரு மீட்டர் நீளமும் கொண்ட கனத்த பலகை வேண்டும். பலகை மெல்லியதாக இருந்தால் நடுவில் வளைந்து, ஓரங்கள் பாரம் வாங்காமல் போய்விடும். இந்த நிலத்தில் லாரியோடு ஒரு சிலிப்பர் கட்டையும் பயணம் செய்ய வேண்டியிருந்ததற்குக் காரணம் இதுவே. ஜாக்கி எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் பலகை இல்லாமல் அது பாதி கருவிதான்.

ஹைட்ராலிக் எனப்படும் எண்ணெய் ஜாக்கியின் மூலக்கருத்து 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கலுடையது: அடைபட்ட திரவத்தின் மீது தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும். ஜோசப் பிராமா 1795இல் அதை அழுத்தும் இயந்திரமாக்கிக் காப்புரிமை பெற்றார். உந்துதண்டைச் சுற்றி நீர் கசிந்ததுதான் அவருக்குப் பெரும் இடையூறு. அழுத்தம் ஏற ஏறத் தானே விரிந்து இறுக்கிக்கொள்ளும் தோல் கிண்ணத்தால் அது தீர்ந்தது. அவரிடம் வேலை பார்த்த மாட்ஸ்லியே அதைச் செய்தவர் என்பார்கள். அந்த இயந்திரத்தைக் கையில் தூக்கும் அளவுக்குச் சுருக்கி, நியூயார்க்கின் ரிச்சர்ட் டட்ஜன் 1851இல் காப்புரிமை பெற்றார். பர்மிங்ஹாமின் டாஞ்சி சகோதரர்கள் செய்த ஹைட்ராலிக் ஜாக்கிகளின் துணையோடு, தேம்ஸ் நதிக்கரையில் அசைய மறுத்து நின்ற ‘கிரேட் ஈஸ்டர்ன்’ கப்பல் 1858 ஜனவரியில் நீரில் இறங்கியது. அந்தச் செய்தி ஜாக்கிக்குக் கிடைத்த மிகப் பெரிய விளம்பரம்.

லாரி ஓட்டுநரின் இருக்கைக்கு அடியில் கிடக்கும் புட்டி வடிவ ஜாக்கி டட்ஜனின் வழித்தோன்றல். பம்புத் தண்டின் விட்டம் 12 மில்லிமீட்டர், உந்துதண்டின் விட்டம் 40 மில்லிமீட்டர் என்றால், விசை 11 மடங்காகும். கைப்பிடியின் நெம்பு 18 மடங்கு கூட்டினால் மொத்தம் 200. 3 டன்னுக்கு 15 கிலோ. இழப்பைச் சேர்த்தாலும் 20 கிலோவைத் தாண்டாது. விசைப் பெருக்கம் திருகைவிடக் குறைவு. ஆனால் உராய்வு மிகக் குறைவு என்பதால் கைக்கு வேலை எளிது. அதற்கு விலையும் உண்டு. ஒரு தடவை அழுத்தினால் பாரம் ஏறுவது ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு. 10 சென்டிமீட்டருக்கு எழுபது தடவைக்கு மேல் அழுத்த வேண்டும். உள்ளே இரண்டு குண்டு வால்வுகள்: ஒன்று தொட்டியிலிருந்து எண்ணெயைப் பம்புக்குள் விடும், மற்றொன்று பம்பிலிருந்து உந்துதண்டின் அடிக்குப் போன எண்ணெயைத் திரும்ப விடாது. பாரத்தைத் தாங்கி நிற்பது அந்த இரண்டாவது குண்டு. இறக்கும் திருகைக் கால் சுற்றுத் தளர்த்தினால் எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும்.

ரப்பர் நாட்டில் இந்த ஜாக்கியைப் பற்றிச் சொல்லியாக வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தோல் கிண்ணத்துக்குப் பிறகு உந்துதண்டை அடைத்தது ரப்பர் வளையம். நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1930களின் கடைசியில் காப்புரிமை பெற்ற வட்ட வளையம் இன்று பெரும்பாலான எண்ணெய் ஜாக்கிகளில் இருக்கிறது. ஆனால் கோலசிலாங்கூர்ப் பால்மரத்தின் ரப்பர் அந்த வேலைக்கு ஆகாது. கனிம எண்ணெயில் இயற்கை ரப்பர் ஊறிப் பருத்து வலுவிழந்துவிடும். ஜாக்கி வளையம் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர். பிரேக் எண்ணெய் இதற்கு நேர்மாறு. அது நைட்ரைலைக் கெடுக்கும். எண்ணெய் குறைந்த ஜாக்கியில் கைக்குக் கிடைத்த பிரேக் எண்ணெயை ஊற்றினால், அன்றைக்குத் தூக்கும் ஜாக்கி சில வாரங்களில் பாரத்தோடு மெல்ல இறங்கத் தொடங்கும்.

திருகு தேயும்போது கண்ணுக்குத் தெரியும். எண்ணெய் ஜாக்கியின் வால்வில் ஒட்டிய தூசு வெளியே தெரியாது. அதனால்தான் தூக்கிய பிறகு வண்டியைக் கட்டையின் மேலோ இரும்புத் தாங்கியின் மேலோ இறக்கிவிட்டே அடியில் போக வேண்டும் என்ற விதி எல்லாப் பட்டறைக்கும் உண்டு. டிராக்டரில் வேறொரு அபாயம். அதன் முன் அச்சு நடுவில் ஒரே ஊசியில் ஆடுவது. மேடுபள்ளத்தில் நான்கு சக்கரமும் தரையில் பதிய அப்படிச் செய்யப்பட்டது. பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால் டிராக்டரின் உடல் அந்த ஊசியைச் சுற்றி எதிர்ப்பக்கம் சாயும். அச்சுக்கும் உடலுக்கும் நடுவே இருபக்கமும் மர ஆப்பு அடித்த பிறகே ஜாக்கி வைக்க வேண்டும். 1946இல் வந்த ஃபெர்குசன் டிஈ-20, பின்னர் மாஸி ஃபெர்குசன் 135 முதலிய டிராக்டர்கள் மலாயாத் தோட்டங்களிலும் பரவின. அவற்றின் பின்புற ஹைட்ராலிக் கைகள் அடிப்படையில் ஜாக்கியே. அந்தக் கைகளின் விசையாலேயே டிராக்டரைத் தரையிலிருந்து கிளப்பும் துணைக்கருவி ஒன்றையும் ஃபெர்குசன் விற்றது.

செம்பனை ஆலையில் பிராமாவின் கருத்து வேறு உருவில் வந்தது. ரந்தாவ் பாஞ்சாங்கில் 1911, 1912இல் அழகுக்காக நட்ட செம்பனையைத் தொடர்ந்து, 1917இல் பத்தாங் பெர்ஜுந்தாயை அடுத்த தென்னமரம் தோட்டத்தில் ஃபோக்கோனியே நட்டதே நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம். வேகவைத்துக் குழைத்த பழத்திலிருந்து எண்ணெய் பிழிய மலாயா ஆலைகள் சுழல்விசைக் கலங்களையும் ஹைட்ராலிக் அழுத்திகளையும் பயன்படுத்தின. ஹைட்ராலிக் அழுத்தி நிரப்பி, அழுத்தி, காலி செய்து மறுபடி நிரப்ப வேண்டியது. சதை மிகுந்த தெனெரா வகை பரவி, குலைகள் குவியத் தொடங்கியபோது அதன் வேகம் போதவில்லை. 1960களில் இரட்டைத் திருகு அழுத்தி அந்த இடத்தைப் பிடித்தது. பாரம் தூக்குவதில் திருகை எண்ணெய் வென்றது; எண்ணெய் பிழிவதில் திருகு வென்றது.

இத்தனை கருவிகளும் பட்டறையிலும் ஸ்டோரிலும் ஆலையிலும் இருந்த அதே காலத்தில், வெளிக்காட்டு வேலையில் பாரம் தூக்கியது மனித உடல்தான். பால்வெட்டுத் தொழிலாளர் காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால் வாளி மாட்டித் தோளில் சுமந்தனர். செம்பனை வந்த பிறகு 10 முதல் 25 கிலோ வரை எடையுள்ள முட்குலைகளை இரும்புக் கம்பியால் குத்தித் தூக்கி லாரியில் எறிந்தனர். லாரியைத் தூக்க ஜாக்கி வாங்கிய தோட்டம், லாரிக்குள் குலையைத் தூக்க அதே எண்ணெய் அழுத்தத்தைப் பயன்படுத்தப் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டது. பொறியியலில் தடை எதுவும் இல்லை; ஃபெர்குசனின் ஹைட்ராலிக் கை 1946இலேயே இருந்தது. ஆள்கூலி மலிவாக இருந்தவரை அதற்கான தேவையை நிர்வாகங்கள் உணரவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் நகர வேலைகளுக்குப் போய் ஆள் பற்றாக்குறை வந்த 1980களுக்குப் பிறகே, குலையைக் கவ்வும் ஹைட்ராலிக் கை பொருத்திய சிறு டிராக்டரும், கத்தரி அமைப்பில் உயர்ந்து குலையைக் கொட்டும் இழுவைப் பெட்டியும் நிரைகளுக்குள் நுழைந்தன.

கத்தரி அமைப்பு புதியதல்ல. காரின் பின்பெட்டியில் கிடக்கும் கத்தரி ஜாக்கியும் அதுவே. மடங்கிக் கிடக்கும்போதுதான் அதற்கு விசை மிக அதிகம் தேவை. கைகள் தரையோடு 10 பாகையில் இருக்கும்போது ஜாக்கியின் கிடைத் திருகு பாரத்தைப்போல் ஐந்தரை மடங்குக்கு மேல் இழுக்க வேண்டும். 45 பாகைக்கு உயர்ந்தால் பாரத்துக்குச் சமமாக இழுத்தால் போதும். எனவே இழுவைப் பெட்டியின் உந்துதண்டையும் கைகளின் எஃகையும் தீர்மானிப்பது முழு உயரமல்ல, கிளம்பும் அந்த முதல் கணம்.

பத்தாங் பெர்ஜுந்தாய் 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது. சுற்றியிருந்த தோட்டங்கள் பலவற்றின் இடத்தில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன. எஞ்சிய செம்பனைத் தோட்டங்களில் கெட்டித் தரை உள்ள இடங்களில் கவ்வும் கையும் கத்தரிப் பெட்டியும் வேலை செய்கின்றன. கரிமண் நிலத்தில் டிராக்டர் புதையும். அங்கே இன்றும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் குலையை ஏற்றுவது ஆளின் கைதான்.